மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் நில்லுங்கள்!



பால்வெட்டுக் கத்திக்கு நம்மிடம் மரியாதை உண்டு. ஆயுத பூசையன்று அதைக் கழுவித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்தின் முன்னால் வைக்கிறோம். செம்பனைக் காட்டுக்காரர்கள் அரிவாளையும் உளியையும் அப்படியே வைக்கிறார்கள். ஆனால் வருடம் முழுக்கக் கால்சட்டைப் பையிலே கிடந்து, உரமூட்டை பிரிப்பது முதல் பிள்ளையின் பென்சில் சீவுவது வரை கூப்பிட்ட குரலுக்கு ஓடிவரும் மடக்குக் கத்தியை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பாசார் மாலாமில் சில்லறைக் காசுக்கு வாங்கியது. மூன்று மாதத்தில் ஆட்டம் கண்டுவிடும். தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்குவோம். அதுவும் ஆட்டம் காணும். இதுதான் நம்மவர்களின் வழக்கம்.

சரி, காசு போனால் போகிறது. விரல் போனால்? நம் வீட்டு அடுப்பு எரிவதே இந்தப் பத்து விரல்களை நம்பித்தான். ஆள்காட்டி விரல் மடங்காத ஒருவர் பால்வெட்டுக் கத்தியைப் பிடித்துப் பட்டையை மயிரிழையாகச் சீவ முடியுமா? அரிவாள் கழியை அண்ணாந்து பிடித்துக் குலையை இழுக்கத்தான் முடியுமா? ஆகையால்தான் இந்த வாரம் இந்தச் சின்னச் சாமானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம் என்று எண்ணுகிறோம்.

இந்தக் கத்திக்கு என்ன வேலை என்பதை முதலில் பார்ப்போம். வேலை தெரிந்தால்தானே கத்தி தெரியும்! கித்தாக் காட்டில், மங்கில் உறைந்த கட்டிப்பால் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டால் ஓரத்தைக் கிளறிவிட வேண்டும். மழைக்காப்புக்குக் கட்டும் பிளாஸ்டிக்கை அளவு பார்த்து நறுக்க வேண்டும். செம்பனைக் காட்டில் உரமூட்டையின் தையல் நூலைப் பிரிக்க வேண்டும். நாற்றங்காலில் கறுப்புப் பையைக் கிழித்துக் கன்றை வேரோடு மண்ணோடு எடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் வாழையிலை நறுக்க, திருவிழாவுக்குத் தென்னங்குருத்துத் தோரணம் கிழிக்க, பூச்சரத்தின் நூலை அறுக்க, மோட்டார் சைக்கிள் வயரின் மேல்தோலை உரிக்க, ஞாயிற்றுக்கிழமை தூண்டில் நரம்பைத் துண்டிக்க என்று வேலைக்குக் குறைவில்லை.

இவற்றில் ஒன்றுகூட விறகு பிளக்கும் வேலை இல்லை என்பதைக் கவனியுங்கள். எல்லாமே அறுப்பது, சீவுவது, நறுக்குவது. ஆகையால் தடித்த, நீண்ட, பார்த்தவுடன் பயமுறுத்துகிற கத்தி நமக்குத் தேவையே இல்லை. முரட்டு வேலைக்குத்தான் பாராங் இருக்கிறதே!

சிலர் வேறு மாதிரி கேட்பார்கள். "கையிலதான் வெட்டுக் கத்தி இருக்கே அண்ணே, இன்னொன்னு எதுக்கு?" நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் பால்வெட்டுக் கத்தியின் வேலை என்ன? பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்படலத்தைத் தொடாமல், அதற்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக விட்டு நிறுத்துவது. மூட்டைக் கயிற்றையும் பிளாஸ்டிக்கையும் அறுத்து அதன் வாயில் பல் விழுந்துவிட்டால், மறுநாள் காலை வெட்டில் பட்டை கிழியும், காயம் விழும். காயம் பட்ட இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பின்னால் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வரும்போது கத்தி ஓடாது. மண்டோர் சத்தம் போடுவது ஒருபுறம் இருக்கட்டும், பால் குறைந்தால் குறைவது யாருடைய சம்பளம்?

ஒட்டுக்கட்டும் கத்தியும் அப்படித்தான். 1910களில் ஜாவா, சுமத்ராத் தோட்டங்களில் டச்சுக்காரர்கள் கண்டுபிடித்துப் பரப்பிய ஒட்டுமுறைதான் பிறகு நம் நாட்டுக்கும் வந்தது. அந்த வேலைக்கான கத்தி, பார்ப்பதற்குச் சாதாரண மடக்குக் கத்தி போலவே இருக்கும். ஆனால் பெரும்பாலும் அதன் வாய் ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டியதாக இருக்கும். மொட்டுப் பட்டையை வழவழவென்று எடுக்க அதுதான் வசதி. அதைக் கொண்டு உரமூட்டை பிரித்தால், அடுத்து எடுக்கும் மொட்டு நசுங்கும், அழுக்கும் சேரும், ஒட்டுப் பிடிக்காது. நாற்றங்காலில் வேலை செய்யும் அக்காமார்களுக்கு இது நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. பையிலே இரண்டு கத்தி இருந்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

பூட்டு இருக்கிறதா?

இனிதான் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மடக்குக் கத்தியில் நாம் அதிகம் பயப்பட வேண்டியது அது அறுப்பதைப் பார்த்து அல்ல, வேலை நடுவே தானாக மூடிக்கொள்வதைப் பார்த்துத்தான்.

நாம் பேனாக்கத்தி என்கிறோமே, அது இறகுப் பேனாவைச் சீவிக்கொண்டிருந்த காலத்துக் கத்தி. பேனா போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. இந்த வகைக் கத்தியின் முதுகுப் பக்கத்தில் ஒரு வில் இருக்கும். 'டக்' என்று திறக்கும், 'டக்' என்று மூடும். அந்த வில் அலகை நிறுத்தி வைக்கிறதே தவிர, பூட்டி வைப்பதில்லை. வாயை அழுத்தி அறுக்கும் வரை தொந்தரவு இல்லை. நம் அழுத்தமே அதைத் திறந்து வைக்கிறது. ஆனால் முனையால் எதையாவது குத்தினாலோ, அலகு பிளாஸ்டிக்கில் சிக்கிக்கொண்டு அதை உருவப் பார்த்தாலோ, விசை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. வில் தோற்றுவிடும். அலகு மடங்கி வரும் வழியில் நம் நான்கு விரல்களும் வரிசையாக நின்றுகொண்டிருக்கின்றன! மங்கின் ஓரத்தில் கட்டிப்பாலைக் கிளறுவதும், உரமூட்டையின் மூலையைக் குத்தித் திறப்பதும் இப்படிப்பட்ட வேலைதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆகையால் காட்டு வேலைக்குப் பூட்டு உள்ள கத்திதான் வேண்டும் என்பது நம் அபிப்பிராயம். பூட்டில் பல வகை உண்டு. கைப்பிடியின் முதுகில் ஓர் அழுத்துவிசை வைத்து, அதை அமுக்கினால்தான் மடங்கும் என்பது ஒரு வகை. கைப்பிடிக்குள் இருக்கும் மெல்லிய தகடு பக்கவாட்டில் துள்ளி வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுப்பது இன்னொரு வகை. அலகின் கழுத்தில் ஓர் உலோக வளையத்தைத் திருப்பிப் பூட்டுவது மூன்றாவது வகை.

தகடு வகையைப் பற்றி ஒரு வார்த்தை. இணையக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். நல்ல தயாரிப்பாக இருந்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் அதை மூடும்போது கட்டைவிரலை அலகு வரும் பாதையிலேயே வைத்துத் தகட்டைத் தள்ள வேண்டியிருக்கிறது. அது மட்டுமல்ல, நம் காட்டு மண்ணும் காய்ந்த கித்தாத் துணுக்கும் உள்ளே போய் அடைத்துக்கொண்டால் தகடு முழுதாக வந்து உட்காராது. பூட்டியது போலத் தெரியும், பூட்டியிருக்காது. பூட்டே இல்லாத கத்தியைவிட இது மோசம். பூட்டில்லாத கத்தியைப் பிடித்தவன் பயந்தாவது வேலை செய்வான்.

வளையத்திலும் ஒரு குறை உண்டு. நாம் திருப்பினால்தான் அது பூட்டும். மறந்தால் இல்லை. ஆனால் திருப்பியிருக்கிறதா என்பது கண்ணால் பார்த்தாலே தெரியும். மண் புகுந்தாலும் கழுவிவிடலாம். காட்டுக்கு வளையமோ முதுகு விசையோ என்றால் நாம் சரியென்போம். வீட்டு வேலைக்கும், பெண்கள் கூடையில் வைத்துக்கொள்வதற்கும் பூட்டில்லாத சின்னப் பேனாக்கத்தியே போதும். குத்தாமல், நெம்பாமல் இருந்தால் சரி.

பூட்டு இருக்கிறதே என்று அதைக் கடப்பாரையாக்கிவிடாதீர்கள். பெயின்ட் டின் மூடியை நெம்புவது, ஸ்க்ரூ திருகுவது, சுத்தியலால் முதுகில் தட்டுவது எல்லாம் அந்தச் சின்ன ஆணியின் தலையில்தான் விழுகிறது.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை

இதற்காகவே சொல்கிறோம், முதல் கத்தியைக் கைத்தொலைபேசியில் படம் பார்த்து வாங்காதீர்கள். டவுனில் உள்ள இரும்புச் சாமான் கடைக்குப் போய், கையில் வாங்கிப் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அலகைத் திறங்கள். பூட்டுங்கள். விரல்கள் ஒன்றுகூட அலகு மடங்கும் வழியில் இல்லாதபடி, கைப்பிடியை இரண்டு பக்கத்திலும் மட்டும் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துங்கள். இறங்குகிறதா? அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம், மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. இறங்கவில்லையென்றால், அலகின் நுனியைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே ஆடுகிற கத்தி நாளைக்கு நின்றுவிடுமா என்ன? பிறகு மூடி வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். அலகு நடுவில் உட்கார வேண்டும். ஒரு பக்கச் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் வாய் உரசி மழுங்கும். நுனி கைப்பிடிக்குள் முழுக்க மறைந்திருக்க வேண்டும். கொஞ்சம் எட்டிப் பார்த்தாலும் பையில் கைவிடும்போது நகக்கண்ணில் ஏறிவிடும். மூடியதைத் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். தானாகத் திறந்தால் வேண்டவே வேண்டாம்.

அலகு கைப்பிடியோடு சேரும் இடத்தில் ஸ்க்ரூ இருக்கிறதா, அடித்து இறுக்கிய ஆணி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்க்ரூ என்றால் தளர்ந்தபோது நாமே முடுக்கிக்கொள்ளலாம். ஆணி என்றால் முதலிலேயே இறுக்கமாக இருக்க வேண்டும்.

நீளம்? அலகு ஏழு முதல் எட்டரை சென்டிமீட்டர் வரை இருந்தால் நாம் மேலே சொன்ன அத்தனை வேலைக்கும் போதும். கைப்பிடி மட்டும் உள்ளங்கையை விடச் சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். சுண்டுவிரல் வெளியே தொங்கினால் பிடி நழுவும். கையுறை போட்டு வேலை செய்பவர்கள் கையுறையோடு திறந்து பாருங்கள். நகத்தை விட்டு இழுக்கும் பள்ளம் மட்டும் உள்ள கத்தி கையுறைக்குத் திறக்காது. இடது கைக்காரர்களுக்கும் அப்படித்தான், கடையிலேயே ஒரு தடவை இடது கையால் திறந்து மூடிப் பார்த்துவிடுவது நல்லது.

மூக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊசி போல் கூர்மையான மூக்கு இளைஞர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் சாக்கை அறுக்கவும் பையைக் கிழிக்கவும் அது தேவையில்லை. வாய் நேராகவும், முதுகு வளைந்து இறங்கி மூக்கு மொண்ணையாகவும் இருக்கும் ஒரு வகை உண்டு. ஆட்டுக் குளம்பை ஒத்த உருவம். கால் வழுக்கி விழுந்தாலும் தொடையில் இறங்காது. கன்றுப் பையைக் கிழிக்கும்போது வேரைக் குத்தாது. கிடைத்தால் அதைத்தான் எடுங்கள் என்போம். வாய் முழுக்க ரம்பப் பல் வைத்த கத்தி கயிற்றையும் சாக்கையும் ஜோராக அறுக்கும். ஆனால் மழுங்கினால் நம் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது. மழுங்காத கத்தி உலகத்தில் இல்லை.

எவர்சில்வரா, கறுப்பு இரும்பா?

லயத்துத் திண்ணையில் பெரியவர்கள் உட்கார்ந்தால் இந்த வழக்கு தீராது. "துருப்பிடிக்கிற இரும்புதான்டா வெட்டும், மின்னுறது வெட்டாது" என்பார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை.

இரும்போடு கரி சேர்ந்தால் எஃகு. கத்திக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கு கரி இருந்தால் நன்றாக வைரம் ஏறும், கூர் சீக்கிரம் பிடிக்கும், கல்லில் நாலு இழுப்பில் தீட்டிவிடலாம். ஆனால் ஈரம் பட்டால் துரு. எவர்சில்வர் கத்தி என்பது அதே எஃகில் குரோமியம் என்ற உலோகத்தைப் பத்துக்கு ஒரு பங்குக்கு மேல் சேர்த்தது. 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் இதை உருக்கி எடுத்த பிறகுதான் துருப்பிடிக்காத கத்திகள் சந்தைக்கு வந்தன. பழைய காலத்து மட்டமான எவர்சில்வர் கத்திகளைப் பார்த்தவர்கள் சொன்னது திண்ணையில் இன்னும் நிற்கிறது. இன்றைய நல்ல எவர்சில்வர் அப்படியல்ல.

நம் தொழிலை நினைத்துப் பார்த்தால் விடை தானாக வரும். விடியற்காலைப் பனி, திடீர் மழை, வேர்வை, இதோடு பால் உறையாமல் இருக்க ஊற்றும் அமோனியா, உறைய வைக்க ஊற்றும் ஆசிட்! உரத்தில் உப்பு. இவ்வளவுக்கும் நடுவில் கறுப்பு இரும்பை வைத்துக் காப்பாற்றத் தினம் துடைத்து எண்ணெய் போடும் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உள்ளவர்கள் அதையே வாங்கட்டும், சுகமான கத்தி. மற்றவர்களுக்கு எவர்சில்வர்தான். இன்னொன்று: பித்தளைத் தகடும் பித்தளை ஆணியும் வைத்த கத்தி பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அமோனியாவுக்குப் பித்தளை ஆகாது. பச்சையாகக் கக்கி, நாளடைவில் வெடிப்பும் விடும். பால் ஸ்டோரில் வேலை செய்பவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

கடையில் சிலர் காந்தத்தை ஒட்டிக் காட்டி, "பாருங்க, காந்தம் ஒட்டுது, அதனால இது எவர்சில்வர் இல்ல" என்று தர்க்கம் செய்வார்கள். இது தவறு. நாம் சாப்பிடும் தட்டு, டம்ளர் வகை எவர்சில்வரில் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. ஆனால் அந்த வகைக்கு வைரம் ஏற்ற முடியாது, கத்தி செய்யவும் ஆகாது. கத்திக்கான எவர்சில்வரில் காந்தம் ஒட்டத்தான் செய்யும். அலகில் 420 என்று முத்திரை இருந்தால் மிருதுவான வகை. சீக்கிரம் மழுங்கும், சீக்கிரம் தீட்டலாம். வெறுமனே 440 என்று மட்டும் போட்டிருந்தால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு. கரி அதிகமுள்ள சி வகைதான் உயர்ந்தது. அப்படிப்பட்டதாக இருந்தால் அந்த எழுத்தை விட்டுவிட்டு முத்திரை அடிப்பானா?

பெயர் பெற்ற கத்திகளில் இரண்டைச் சொல்கிறோம். விளம்பரத்துக்கல்ல, ஒப்பிட்டுப் பார்க்க. ஒன்று ஓப்பினெல். பிரான்ஸ் நாட்டின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் என்பவர் செய்யத் தொடங்கியது. குடியானவர்களின் கத்தியாகவே வளர்ந்தது. மரக் கைப்பிடி, ஓர் அலகு, ஒரு வளையம், அவ்வளவுதான். அந்தப் பூட்டு வளையம் 1955இல் சேர்ந்தது. எட்டாம் நம்பருக்கு அலகு எட்டரை சென்டிமீட்டர். கறுப்பு இரும்பிலும் எவர்சில்வரிலும் கிடைக்கிறது. இலேசானது, பிரமாதமாக அறுக்கும். ஆனால் நம் மழைக்கு அந்த மரம் ஊறி, அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அவசரத்தில் பல்லால் கடித்து இழுக்கவேண்டி வரும்! கைப்பிடியின் பிளவுக்குள் மெழுகு உருக்கித் தேய்த்து வைத்தால் ஓரளவு தாங்கும். மற்றொன்று சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ். கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய பட்டறை அது. 1891இல் சுவிஸ் பட்டாளத்துக்குக் கத்தி கொடுக்கத் தொடங்கினார். பெயரின் பின்பாதியான 'இனாக்ஸ்' என்பது துருப்பிடிக்காதது என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. சின்ன வகைகளுக்குப் பூட்டு கிடையாது, வில்தான். பூட்டு வேண்டுமென்றால் பெரிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டுக்கும் போலி உண்டு. பாசார் மாலாமில் சிவப்புக் கைப்பிடியில் வெள்ளைச் சிலுவை போட்டதெல்லாம் சுவிஸ் கத்தி ஆகிவிடாது.

கைப்பிடியைப் பொறுத்தவரை சொரசொரப்பான கெட்டி நைலான் நமக்கு ஏற்றது. எலும்பும் கொம்பும் விழுந்தால் விரியும். வழவழ இரும்புக் கைப்பிடி வேர்வைக் கையில் மீன் போல் நழுவும். கயிறு கோக்க ஓட்டை இருந்தால் சிவப்பு நாடா ஒன்று கட்டிவிடுங்கள். செம்பனை ஓலைக் குவியலில் விழுந்த கறுப்புக் கத்தியைத் தேடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

விலை? 2025இல் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 வெள்ளி ஆக்கியபோது, வாரம் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் கணக்கு 65 வெள்ளி 38 காசு. ஏறத்தாழ அந்த ஒரு நாள் கூலியைக் கொடுத்தால் பத்து வருடம் உழைக்கும் கத்தி வாங்கலாம். அதற்கு மேல் கொடுப்பதில் பளபளப்புதான் கூடுகிறது, வெட்டு கூடவில்லை.

தம்பிமார்களுக்கு

பொத்தானை அமுக்கினால் 'சடக்' என்று பாயும் கத்தியை இளைஞர்கள் சிலர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தோட்ட வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. போலீஸ்காரர் கண்ணில் பட்டால் அது வேலைச் சாமான் என்று சொல்லித் தப்பவும் முடியாது.

நம் நாட்டில் 1958ஆம் ஆண்டிலிருந்தே அரிபொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதம் ஆகியவற்றுக்கான சட்டம் இருக்கிறது. தக்க அதிகாரமோ நியாயமான காரணமோ இல்லாமல் பொதுவிடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருப்பது அதன்படி குற்றம். சிறையும் உண்டு, பிரம்படியும் உண்டு. "வேலைக்கு வச்சிருக்கேன் சார்" என்பது காட்டிலும் ஸ்டோரிலும் எடுபடும். இரவு பத்து மணிக்கு டவுன் காப்பிக்கடையில் எடுபடுமா? தேர்த் திருவிழாவிலும், பந்து விளையாட்டுத் திடலிலும் எடுபடுமா? ஆகையால் வேலை முடிந்து வந்ததும் கத்தி, வேலைச் சாமான் பைக்குள் போய்விட வேண்டும். டவுனுக்குப் போகும் கால்சட்டையில் அது இருக்கக்கூடாது. பெற்றோர்கள் துணி துவைக்கும்போது பையைத் தடவிப் பார்ப்பது சோப்புக்கு மட்டும் நல்லதல்ல.

தீட்டுவதைப் பற்றி வெட்டுக்காரர்களுக்கு நாம் பாடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல. ஆனால் ஒரு வித்தியாசம் மட்டும். வெட்டுக் கத்திக்குப் பழகிய கை, மடக்குக் கத்தியையும் ஒரே பக்கம் அதிகம் தேய்த்துவிடும். இதற்கு இரண்டு பக்கமும் சமமாக வேண்டும். அலகை முதலில் கல்லின் மேல் நட்டக்குத்தலாக நிறுத்துங்கள். அதில் பாதி சாய்த்து, மறுபடியும் பாதி சாய்த்தால் வரும் சாய்வு ஏறத்தாழ சரியானது. கல் கையில் இல்லாவிட்டால் பழைய பீங்கான் மங்கைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் மெருகு பூசாத வளையம் இருந்தால் அதில் பத்து இழுப்பு இழுத்தால் கூர் திரும்பிவிடும். ஒட்டிய பாலை ஈரத்தோடு வழிக்காமல் காயவிட்டு உருட்டி எடுங்கள். மடங்கும் இடத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும். நல்லெண்ணெய் நாளாவட்டத்தில் பிசுபிசுத்து மண்ணை இழுக்கும்.

மழுங்கிய கத்தியால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. மழுங்கினால் அழுத்த வேண்டும். அழுத்தினால் வழுக்கும். வழுக்கினால் அது போகும் திசை நம் கையில் இல்லை. கன்றுப் பையைப் பிடித்திருக்கும் இடது கை அறுபடுவது இப்படித்தான். அறுக்கும் திசையில் உடம்பும் இருக்கக்கூடாது, மற்றக் கையும் இருக்கக்கூடாது.

மீறி அறுபட்டால் காப்பித்தூளும் புகையிலையும் அப்பாதீர்கள். சுத்தமான துணியை வைத்து அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடியுங்கள். பத்து நிமிடம் துணியை எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. இரத்தம் நின்ற பிறகு ஒவ்வொரு விரலையும் மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு கணு மடங்காவிட்டாலோ, நுனி மரத்துப்போயிருந்தாலோ, மேலே காயம் சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே நரம்பு அறுந்திருக்கலாம். கட்டுப்போட்டு அனுப்பிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து படுத்துவிடாதீர்கள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாள் கடந்தால் சேர்த்துத் தைப்பது கடினமாகிவிடும். மண்ணில் கிடந்த கத்தி என்பதால் ஜன்னி ஊசியையும் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நேரத்தில் பட்ட காயம் என்றால் அன்றே மண்டோரிடமும் ஆபீசிலும் சொல்லி எழுத வையுங்கள். "சின்னக் காயம்தானே" என்று விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து விரல் மடங்கவில்லை என்று போய் நின்றால் சாட்சிக்கு ஆள் தேட வேண்டியிருக்கும். 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உள்ள சொக்சோவுக்கு முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இந்தத் திட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். பக்கத்து நிரையில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தம்பிக்கும், இந்தோனேசியத் தோழருக்கும் இதைச் சொல்லுங்கள். டாக்டர் கொடுக்கும் மருத்துவ விடுப்புச் சீட்டை ஆபீசில் கொடுக்குமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.